கணவர் பெயர் என்ற கட்டம்

மனுவில் தன் பெயர் வேண்டாம் என்று சொன்னவளை நான்தான் போட வைத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சுற்றி வளைத்துச் சொல்ல ஆரம்பித்தால், நடந்ததற்கு யாரோ காரணம், ஏதோ இன்டர்நெட் காரணம் என்று கடைசியில் எனக்கே நம்பிக்கை வந்துவிடும். எனக்கு வாய் ஜாஸ்தி என்று சின்ன வயதிலிருந்தே வீட்டில் சொல்வார்கள். அந்த வாயால் கெட்டுப்போனது நானில்லை, அவள்.

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் எனக்கு ஒரு டிடிபி கடை இருக்கிறது. அந்த இடத்தில் அப்பா அச்சகம் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, கடை பில், பள்ளிவாசல் நோட்டீஸ் எல்லாம் அடித்துக் கொடுத்தார். அவர் காலமான பிறகு மெஷினைத் தள்ளிவிட்டு இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஸ்கேனர் வாங்கிப் போட்டேன். வருகிற வேலையில் முக்கால்வாசி மனு எழுதுவது. திங்கட்கிழமை குறைதீர்ப்பு நாள் என்பதால் கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஜனங்கள் முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கி, நான் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே வாசலில் காத்திருப்பார்கள். பட்டா மாறவில்லை, முதியோர் பணம் நின்றுபோய்விட்டது, ஏரிக்கால்வாயை அடைத்துவிட்டார்கள் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கேட்டுக் கேட்டு டைப் அடித்துக் கொடுப்பேன்.

கொடுத்த மனு என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. அதுதான் எனக்கு எரிச்சல். அதே பெரியவர், அதே கால்வாய், அதே வாசகம், மூன்று மாதம் கழித்து மறுபடி வந்து நிற்பார். "போன தடவ குடுத்தோமே, அது எங்க?" என்று கேட்டால், "எங்கயோ இருக்குதும்மா" என்பார். அவர் சாந்தமாகத்தான் சொல்வார். நான்தான் கொதிப்பேன்.

அந்தக் கொதிப்பில்தான் ஐந்து பேர் சேர்ந்தோம். அதில் ஒரு பெண் பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிற உள்ளூர்க்காரி. அவள்தான் எங்களுக்கு ஒரு இணையதளம் கட்டிக் கொடுத்தாள். எல்லாம் கட்டற்ற மென்பொருளில் செய்தது. அதாவது அதன் உள்ளே இருப்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எடுக்கலாம், தன் ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளலாம். மனுவை ஸ்கேன் செய்து, டைப் அடித்த வாசகத்தையும் சேர்த்து, ரசீது நம்பரோடு ஏற்றிவிடுவோம். பதில் வந்தால் அதையும் ஏற்றுவோம். வராவிட்டால், இத்தனை நாளாகப் பதில் இல்லை என்று சிவப்பு எழுத்தில் நாள் ஏறிக்கொண்டே போகும். அந்தச் சிவப்பு எழுத்துக்கு ஆபீஸ்களில் ஒரு மரியாதை வந்தது. கால்வாய்ப் பெரியவருக்கு ஐந்தாம் வாரமே ஆள் வந்து அளந்துவிட்டுப் போனார்கள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. எவரும் திருத்தக்கூடிய பொது வரைபடம் ஒன்று இணையத்தில் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஊரின் சந்துபொந்தெல்லாம் நடந்து அதில் குறித்தேன். எந்த மனுவைத் தொட்டாலும் அது எந்த இடத்திலிருந்து வந்தது என்று வரைபடத்தில் புள்ளி விழும். முதல் பக்கத்தில் போடுவதற்கு ஒரு வாசகமும் நானே எழுதினேன்: இங்கே மூடி மறைக்க எதுவும் இல்லை.

இதற்கு ஒருவர் மட்டும் தடை சொன்னார். எங்கள் ஐந்து பேரில் மூத்தவர், தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். மனு போட்டவரின் பெயரும் கதவு நம்பரும் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி இருக்க வேண்டுமா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையில் உட்கார்ந்து கேட்டார். பெயரை எடுத்துவிட்டால் இதெல்லாம் நாமே எழுதிப் போட்ட போலி மனு என்று ஆபீசில் சொல்லிவிடுவார்களே என்றேன் நான். அது உண்மையும்கூட. ஒரு தடவை அப்படிச் சொல்லியிருந்தார்கள். ஆனால் அவர் விடவில்லை.

"வெலாசம்ங்கிறது கவர் மேல எழுதறதும்மா. செவுத்துல எழுதறது இல்ல. நான் இத்தன வருஷம் தெருத்தெருவா போனேன். ஒருத்தர் வீட்ட இன்னொருத்தருக்கு அவங்களக் கேக்காம காட்டினதே கெடையாது."

நான் சிரித்தேன். உங்களுக்கு இன்னும் சைக்கிள் காலம்தான் நினைப்பில் இருக்கிறது, கொடுத்தால் நாளைக்கே காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள் என்று கிண்டல் செய்தேன். மற்றவர்களும் சிரித்தார்கள். கை தூக்கச் சொன்னோம். என்னையும் சேர்த்து நான்கு பேர் ஒரு பக்கம். அவர் தேநீரைக் குடித்துவிட்டு, சரி என்று எழுந்து போனார்.

ஆனாலும் நாங்கள் ஒன்றும் விவரம் தெரியாதவர்கள் இல்லை என்பது எங்கள் நினைப்பு. மனுவோடு இணைக்கிற ஆதார் நகலை நாங்கள் ஏற்றுவதே இல்லை. மனுவில் ஆதார் நம்பர் எழுதியிருந்தால் கறுப்புப் பட்டை போட்டு மறைத்துவிடுவோம். இதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வோம். ஆளை முழுசாகக் காட்டிவிட்டு நம்பரை மறைத்தோம்.

அவள் எங்கள் ஊர்க்காரி இல்லை. நாலு மணி நேர பஸ் தூரத்தில் ஏதோ ஒரு ஊர். செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் தாண்டி ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமையல் வேலை பார்த்தாள். அதற்குப் பின்னால் ஒரு சந்தில் ஒற்றை அறை எடுத்து மகளோடு இருந்தாள். முதல் தடவை கடைக்கு வந்தது மகளின் பள்ளி விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்ய. அப்புறம் எதற்காவது வருவாள், வந்தால் பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் போவாள். வெள்ளைக்காரர்கள் உப்புமாவில் சர்க்கரை போட்டுச் சாப்பிடுகிற அழகைச் சொல்லி என்னைச் சிரிக்க வைப்பாள். எனக்கு நோன்பு மாதத்தில் இரண்டு நாளைக்கு ஒரு தடவை வேலை முடிந்து போகிற வழியில் ஒரு டப்பாவில் ஏதாவது வைத்துவிட்டுப் போவாள். சிநேகிதி என்று சொல்லிக்கொள்ள எனக்கு இந்த வயதில் வேறு யாரும் இல்லை.

எந்த ஊர், வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று நான் கேட்டதில்லை. இந்த ஊரில் யாரும் யாரையும் அப்படிக் கேட்பதில்லை. மலையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற பாதிப் பேர் பழைய பெயரை விட்டுவிட்டு வந்தவர்கள்தான். பேங்க் மேனேஜராக இருந்தவர் காவி கட்டிக்கொண்டு டீ வாங்கக் க்யூவில் நிற்பார். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அவள் எதற்காக இந்த ஊரைப் பார்த்து வந்தாள் என்பது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

உறைப்பதற்கு வேறு அடையாளங்களும் இருந்தன. இந்தக் காலத்தில் பட்டன் போன் வைத்திருந்தாள். நல்ல போன் ஒன்று வாங்கக்கூடாதா என்று நான் கேலி செய்தால், "பேசறதுக்கு இது போதும்க்கா" என்பாள். மகளுக்கும் போன் கிடையாது. பள்ளிக்கூட ஆண்டு விழாப் படத்தில் மகள் நிற்க மாட்டாள். இவளுக்கோ இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. என் கடையில் மேல் தட்டில் இருக்கிற ஃபைலை எடுக்கக்கூட என்னைத்தான் கூப்பிடுவாள். பெரிய பெரிய பாத்திரம் தூக்கி நரம்பு பிடித்திருக்கும் என்று நானாக ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்.

மனு விஷயம் பௌர்ணமியால் வந்தது. கிரிவலம் வருகிற கூட்டத்தின் வேன்களையெல்லாம் அவள் இருந்த சந்தின் வாயில் நிறுத்திவிடுவார்கள். எட்டு வீடு, ஒரு குழாய், உள்ளே போக வர ஒரே வழி. வேனுக்கும் சுவருக்கும் நடுவில் ஒருக்களித்து நுழைந்துதான் வெளியே வர வேண்டும். வருகிற ஜனம் ஒதுங்குவதும் அந்தச் சந்தில்தான். மறுநாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்கள்தான் கழுவி விட வேண்டும். ஒரு பௌர்ணமியன்று பிரசவ வலி வந்த பெண்ணை ஸ்டூலில் உட்கார வைத்து வேன்களுக்கு நடுவில் கை மாற்றித் தூக்கிப் போனார்கள். அதற்கு அப்புறம்தான் மனு போடுவது என்று முடிவானது. எழுதப் படிக்கத் தெரிந்தவள், தைரியமாகப் பேசுகிறவள் என்று அவளை முன்னால் தள்ளிவிட்டார்கள். நாங்கள் பின்னால் கையெழுத்துப் போடுகிறோம், முதல் மனுதாரராக நீ இரு என்றார்கள். முதல் மனுதாரருக்குத்தான் முழு விவரமும் வேண்டும். மற்றவர்களுக்கு வெறும் கையெழுத்துப் போதும்.

கடையில் வந்து உட்கார்ந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, தன் பெயர் இல்லாமல் எழுத முடியாதா என்பதுதான்.

"பேர் இல்லாம எழுதினா அதுக்குப் பேர் மொட்டைக் கடுதாசி" என்றேன். "நீ என்ன தப்பா பண்ணிட்ட, ஒளிஞ்சிக்கறதுக்கு?"

அவள் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். நான் விடவில்லை. நம்மைப் போன்ற பொம்பளைகள் பயந்து பயந்துதான் எல்லாம் இப்படிக் கிடக்கிறது, பெயரைப் போட்டு எழுது, அப்போதுதான் மதிப்பான் என்று பெரிய பிரசங்கமே செய்தேன். எட்டு வீட்டுப் பெண்களும் தன்னை நம்பியிருக்கிறார்கள் என்பது அவளுக்கும் இருந்திருக்கும். கடைசியில் பையிலிருந்து ஆதார் அட்டையை எடுத்து வைத்தாள். பழைய அட்டை. புது விலாசத்தை வாயால் சொன்னாள்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. மனுவின் தலைப்பில் ஆணென்றால் அப்பா பெயர், பெண்ணென்றால் கணவர் பெயர். சட்டத்தில் இருக்கிறதா என்று யாரும் பார்த்ததில்லை. காலியாக விட்டால், இது என்ன என்று கேட்டு எங்காவது ஒரு டேபிளில் திருப்பி அனுப்புவார்கள். அதனால் வருகிற எந்தப் பெண்ணிடமும் நாங்கள் கேட்பதுகூட இல்லை, அட்டையைப் பார்த்து அடித்துவிடுவோம். எங்கள் தளத்திலும் அதற்கு ஒரு கட்டம் வைத்திருந்தோம். நான்தான் வைக்கச் சொன்னேன்.

அந்த நேரத்தில் கெஸ்ட் ஹவுஸிலிருந்து போன் வந்து அவள் வாசலுக்குப் போனாள். மாலையில் எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் இருந்த கணவர் பெயரை, அவருடைய அப்பாவின் இனிஷியலோடு, எழுத்துப் பிசகாமல் அடித்தேன். அப்படி ஒன்றும் ஊரெல்லாம் இருக்கிற பெயர் இல்லை. கீழே அவள் இப்போது இருக்கிற கதவு நம்பர், சந்து, அடையாளத்துக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது வரை. அவள் திரும்பி வந்து, நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். என்னை நம்பிப் படித்துப் பார்க்கவில்லை. படித்துப் பார் என்று நானும் சொல்லவில்லை.

மனு ஜெயித்தது. அடுத்த பௌர்ணமிக்குள் சந்தின் வாயில் இரும்புத் தடுப்பு வைத்தார்கள். வேன்களுக்கு வேறு இடம் ஒதுக்கினார்கள். நடமாடும் கழிப்பறை ஒன்று வந்து நின்றது. எட்டு வீட்டுப் பெண்களும் என் கடைக்கு வந்து நின்று சிரித்துவிட்டுப் போனார்கள். அவள் ஒரு டப்பா நிறையக் கேசரி கொண்டுவந்தாள். நான் அந்த மனுவை எங்கள் தளத்தின் முதல் பக்கத்தில், எல்லாவற்றுக்கும் மேலே தூக்கி வைத்தேன். ஊரில் நடந்த ஒரு கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்டிப் பேசினேன். கைதட்டினார்கள். வேறு ஊர்களிலிருந்து இரண்டு குழுக்கள் எங்கள் தளத்தை அப்படியே பிரதி எடுத்துக்கொண்டன. அதற்குத்தானே வைத்திருக்கிறோம் என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பொங்கல் முடிந்து இரண்டு வாரம் இருக்கும். காலையில் பதினோரு மணி. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் கடைக்கு வந்தார். கையில் ஸ்வீட் பாக்கெட். வயது ஐம்பதுக்குள். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார். மனுவின் அடியில் என் கடை முத்திரை இருக்கும். அதைப் பார்த்துத்தான் வந்ததாகச் சொன்னார். ஏதோ மனு எழுத வந்திருக்கிறார் என்று நாற்காலியைக் காட்டினேன்.

"நன்றி சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன் மேடம்" என்றார். "ஊர்ல எங்க வியாபாரிங்க சங்கத்துல எனக்குப் பொறுப்பு குடுத்தாங்க. பேப்பர்ல பேர் வந்திருக்குதானு போன்ல என் பேரப் போட்டுத் தேடனேன். பாத்தா உங்க மனு வருது."

போனை என் பக்கம் திருப்பினார். எங்கள் தளம். எங்கள் எழுத்து. அவள் பெயர், அதற்குப் பக்கத்தில் அவர் பெயர்.

அவர் ஒரு தப்பான வார்த்தை பேசவில்லை. மூன்று வருஷமாகத் தேடாத இடம் இல்லை என்றார். மகளுக்கு இந்த வருஷம் பரீட்சையாமே என்றார். குரலை உயர்த்தவே இல்லை. ஆனால் அவள் என்னிடம் இப்படி ஒருவரைப் பற்றி ஒரு தடவைகூடச் சொன்னதில்லை என்பதும், பட்டன் போனும், படத்தில் நிற்காத மகளும், தூக்க முடியாத கையும் எல்லாம் ஒன்றாக வந்து என் முன்னால் நின்றன. அவர்கள் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்களே என்று சொன்னேன். எனக்குப் பொய் சரியாக வராது.

"தேதி போட்டிருக்குதே மேடம்" என்று மெதுவாகச் சிரித்தார். "மேப்புல புள்ளி வச்சு நேரா வீட்டு வாசல்லயே எறக்கி விட்டீங்க. காலையில போனேன், பூட்டியிருக்குது. சாயங்காலம் வந்துடுவாங்கனு பக்கத்துல சொன்னாங்க."

ஸ்வீட் பாக்கெட்டை மேஜைமேல் வைத்து, இரண்டு கையையும் கூப்பிவிட்டுப் போனார். என் வாயிலிருந்து அவருக்கு எதுவும் தேவைப்படவில்லை. தெரிய வேண்டியதெல்லாம் ஏற்கெனவே அவர் கையில் இருந்தது.

அவளுக்குப் போன் செய்தேன். ஏதோ வதக்குகிற சத்தம் கேட்டது. சொன்னேன். வதக்குகிற சத்தம் நின்றது. எப்படித் தெரிந்தது என்று கேட்டாள். அதையும் சொன்னேன்.

"அவர் பேர எதுக்குக்கா போட்டீங்க?"

கட்டம் காலியாக இருந்தது என்றேன். அதைவிட நல்ல பதில் என்னிடம் அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

அவள் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு கெஸ்ட் ஹவுஸின் பின்பக்கக் கேட்டுக்கு வந்துவிடச் சொன்னாள், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் முதலில் விட மறுத்தார்கள். அவள் வகுப்பு டீச்சரிடம் போனில் பேசிய பிறகு அனுப்பினார்கள். திருப்புதல் தேர்வு நடந்துகொண்டிருந்தது. பாதி எழுதிய தாளைக் கொடுத்துவிட்டு வந்தாள் மகள். நர்ஸிங் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட பெண். உயிரியலில் வகுப்பிலேயே முதல். ஸ்கூட்டரில் ஏறினதும், அப்பா வந்துவிட்டாரா என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். இறங்குகிறபோது, ஹால் டிக்கெட் அடுத்த மாதம்தான் தருவார்கள் ஆன்ட்டி, அதை யார் வாங்குவது என்று கேட்டாள். நான் வாங்கி வைக்கிறேன் என்றேன். நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் தருவார்கள் என்றாள்.

அந்தச் சமையலறையில் நின்றுகொண்டுதான் தோள் எப்படி ஆனது என்று எனக்குச் சொன்னாள். இரண்டே வாக்கியம். அதை இங்கே எழுதப் போவதில்லை. அவளைப் பற்றி நான் எழுதினது போதும். போலீசுக்குப் போகலாம், நான் கூட வருகிறேன் என்றேன். ஊரில் பெரியவர்கள் இரண்டு தடவை உட்கார்ந்து பேசி, அவர் எல்லோர் காலிலும் விழுந்து, அப்புறம் தன்னைக் கூட்டிப் போனதைச் சொன்னாள். அவர் பேசினால் யாரும் நம்பிவிடுவார்கள் என்றாள். அன்று காலையில் நானே அவரை நாற்காலி போட்டு உட்கார வைத்தவள், என்னத்தைச் சொல்வது.

காய்கறி கொண்டுவருகிற லோடு வண்டியில் இரண்டு பேரும் ஏறினார்கள். ஒரு பை, ஒரு ஸ்கூல் பை. வீட்டில் இருந்த சாமான் வீட்டிலேயே இருந்தது. எங்கே போகிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. நான் சொல்லிவிடுவேனோ என்ற ஜாக்கிரதை மட்டும் இருந்தது. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

அன்றைக்கே அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டேன். பெங்களூர்ப் பெண் அழுதுகொண்டே, எடுத்தால் மட்டும் போதாது என்றாள். எங்கள் தளத்தில் இருப்பதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று நாங்களேதான் எழுதிக் கொடுத்திருந்தோம். எடுத்தவர்கள் இருந்தார்கள். பல ஊர் மனுக்களைத் திரட்டி வைத்திருக்கிற ஒரு தளத்துக்கு எழுதினேன், மறுநாளே நீக்கிவிட்டார்கள். இன்னொன்று யார் நடத்துகிறார்கள் என்றே தெரியவில்லை. தமிழிலும் ஆங்கிலத்திலும் கெஞ்சி எழுதிப் பார்த்தேன். பதில் இல்லை. அங்கே அந்த மனு இன்றைக்கும் இருக்கிறது. அவள் பெயர், அவர் பெயர், கணவர் பெயர் என்ற அந்தக் கட்டம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தபால்காரர் கடைக்கு வந்தார். நான் அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். அவர் பிரிண்ட் எடுத்துத் தரச் சொன்னது தளத்தில் இருந்த பெண்களின் மனுக்களை மட்டும். ஒவ்வொன்றாகப் படித்து, நம்பர் இருந்தவர்களுக்குத் தானே போன் போட்டு, உங்க பேரு வெளியே தெரியறதுல உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி. மூன்றாவது போனிலேயே ஒரு பெண் அந்தப் பக்கம் அழ ஆரம்பித்துவிட்டாள். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, சரிம்மா, எடுத்துடறோம்மா, சரிம்மா என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

பெயர் இல்லாத, விலாசம் இல்லாத தளமாக அதை மாற்றிவிட்டோம். ரசீது நம்பரும் விஷயமும் மட்டும்தான். ஆபீஸில் யாரும் போலி என்று சொல்லவில்லை. சிவப்பு எழுத்துக்கு இருந்த மரியாதை அப்படியே இருக்கிறது. அவ்வளவு பிடிவாதம் பிடித்தது ஒன்றுமில்லாததற்கு என்று தெரிந்தபோது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

பிளஸ் டூ பரீட்சை தொடங்கிய அன்று நான் கடை திறக்கவில்லை. காலை ஒன்பது மணிக்கெல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன். வெளியூர்ப் பள்ளியில் சேர்க்க மாற்றுச் சான்றிதழ் வேண்டும். அது வேண்டுமென்றால் இங்கே வர வேண்டும். எங்கே சேர்த்தாலும் கம்ப்யூட்டரில் பதிவாகும், இந்தப் பள்ளி அவருக்குத் தெரிந்துவிட்டதால் அப்பா என்று இங்கே வந்து கேட்டாலே எந்த ஊர் என்று சொல்லிவிடுவார்கள். அதனால் மகள் வேறு எந்தப் பள்ளியிலும் சேர்ந்திருக்க முடியாது. எழுதினால் இங்கேதான் எழுத வேண்டும். இத்தனை வருஷம் படித்த பெண், எப்படியாவது வந்துவிடுவாள் என்று ஒரு நினைப்பு. வந்தால் நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று இன்னொரு நினைப்பு.

அவர் எனக்கு முன்பே வந்திருந்தார். அதே வெள்ளைச் சட்டை. கையில் ஒரு தண்ணீர் பாட்டில், பிரிக்காத கவரில் ஒரு புதுப் பரீட்சை அட்டை. கேட்டுக்கு வெளியே நின்ற மற்ற அப்பாக்களுக்கும் அவருக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. யாரோ ஒரு அம்மா அவரிடம், உங்க பொண்ணு எந்த குரூப் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் விடைபெற்றுக்கொண்டு வந்தார்.

"வணக்கம் மேடம். நீங்களும் அவளுக்காகத்தான் வந்தீங்களா?"

நான் கேட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் பக்கத்திலேயே நின்றார்.

"எங்க இருக்காங்கனு தெரிஞ்சா உங்க தளத்துல போட்டுடுங்க மேடம். நான் தெனமும் பாக்கறேன்."

கத்தியிருக்க வேண்டும். நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி, யார் இவர் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் ஜாஸ்தி என்று பெயர் வாங்கியவளுக்கு அன்றைக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அவரைச் சொன்னால் அவளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இன்னொரு தடவை அவளைப் பற்றி நடுத்தெருவில் பேச எனக்குத் துணிச்சல் இல்லை.

ஆட்டோ ஒவ்வொன்றாக வந்து நின்றது. இரட்டைப் பின்னல் போட்ட பெண்கள் இறங்கி, நெற்றியில் விபூதி, குங்குமம், ஒருத்திக்குத் தலையில் முக்காடு, கடைசி நிமிஷம் வரை புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார்கள். ஒவ்வொரு ஆட்டோவுக்கும் நானும் எட்டிப் பார்த்தேன், அவரும் எட்டிப் பார்த்தார். அவள் வர வேண்டும் என்று கிளம்பி வந்த நான், அவர் பக்கத்தில் நின்றுகொண்டு, வந்துவிடாதே, வந்துவிடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மனசார நான் எதையும் கேட்டதில்லை.

மணி அடித்தது. வாட்ச்மேன் கேட்டை இழுத்துச் சாத்தினார். கடைசியாக ஒரு பெண் ஓடிவந்து சின்னக் கதவு வழியாக நுழைந்தாள். அது வேறு பெண். உள்ளே சத்தம் அடங்கியது. அவர் போகவில்லை. கேட்டைப் பார்த்த மாதிரி அந்தப் புது அட்டையோடு நின்றுகொண்டிருந்தார். அவள் வரவில்லை என்று உறுதியானதும், நான் நடுரோட்டில் நின்று நிம்மதியில் அழுதேன். அந்தப் பெண் பரீட்சைக்கு வராததை நினைத்து நிம்மதிப்படும்படி செய்துவிட்டேனே என்று, வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அழுதேன்.